விலை போகாத கண்ணாடி

பெரியம்மா வீட்டுப் பரணில் ஆறு வருடமாகக் கிடந்த டிவியைப் போன வருடம் நான்தான் கீழே இறக்கினேன். 14 அங்குலப் பெட்டி. பத்துக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் கனம் முழுவதும் திரைப் பக்கம் இருந்ததால், கையில் நிற்காமல் முன்னால் சாய்ந்துகொண்டே வந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, "பாத்துடா, மேல போட்டுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி வீடு. கீழே காயலான் கடைக்காரர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்.

பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். "நூறு ரூபா தரேன்க்கா. அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

"முழுசாத்தானே இருக்கு? ஒரு கீறல்கூட இல்லியே?" என்றார் பெரியம்மா.

"முழுசா இருந்து என்னக்கா பண்றது? உள்ள இருக்கிற செம்புக்குத்தான் காசு. டியூப யாரும் வாங்க மாட்டாங்க."

வாங்க ஆளில்லாத டியூபை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "கழுத்துல ஒரு தட்டு தட்டுனா காயில் கழண்டு வந்துடும் தம்பி. மிச்சம் குப்பைக்குத்தான்."

அந்த ஒரு தட்டு என்ன செய்யும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அவருக்கு வந்து போன கூலியைக் கொடுத்துவிட்டு, டிவியை வைத்துக்கொண்டேன். அது போக வேண்டிய இடம்வரை கூடவே போய்ப் பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, டிவி இல்லாத குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டுப் பெட்டிகளை வாங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. எங்கள் பகுதிக்கு முறை வந்தது 2009இல். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் ரேஷன் கார்டோடு வரிசையில் நின்று, அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு பெரியப்பா படியேறி வந்தார்.

அதுவரை பெரியம்மா சீரியல் பார்த்தது பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான். அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் கதவு சாத்தப்படும், கதை பாதியில் நிற்கும். சொந்தப் பெட்டி வந்த அன்று சாயங்காலம் பெரியம்மா நாற்காலியைச் சுவரோரம் போட்டு, யாரிடமும் கேட்காமல் சேனல் மாற்றினார். இலவச டிவியைப் பற்றி ஊரில் ஆயிரம் விவாதம் நடந்திருக்கலாம். அந்த நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவனுக்கு அது வெறும் பெட்டி இல்லை.

படம் வந்தது பிக்சர் டியூபில். ஜெர்மானிய இயற்பியலாளர் பெர்டினாண்ட் பிரவுன் 1897இல் செய்து காட்டிய கதிர்க் குழாய்தான் அதன் மூதாதை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோதும், 1982இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தபோதும், வீடுகளில் ஒளிர்ந்தது அந்தக் குழாய்தான்.

டியூபின் பின்பக்கம் ஒடுங்கிய கழுத்து. அதற்குள் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள். கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், மெக்கானிக்குகள் யோக் காயில் என்பார்கள். அந்தச் சுருளின் காந்தப் புலம் எலக்ட்ரான் கற்றையை வளைத்து, திரையின் உட்பக்கம் பூசிய ஒளிரும் பொடியின் மேல் வரி வரியாக ஓட்டும். கற்றையைத் திரையை நோக்கி வேகமாக இழுக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் வேண்டும். அவ்வளவு வேகத்தில் வரும் எலக்ட்ரான் எதிலாவது மோதி நிற்கும்போது எக்ஸ்ரே பிறக்கும். அந்தக் கதிர் வெளியே வராமல் தடுக்கத்தான் கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள்.

பார்க்க ஒரே கண்ணாடியாகத் தெரிந்தாலும், டியூபில் வெவ்வேறு கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. முன்னால் உள்ள திரைக் கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் இருக்கும். ஈயம் கலந்த கண்ணாடி எலக்ட்ரான் படப் படப் பழுப்பேறிவிடும் என்பதால் திரைக்கு அதைத் தவிர்த்தார்கள். பின்னால் புனல் போல விரிந்திருப்பது ஈயக் கண்ணாடி. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. கழுத்தில் ஈயம் இன்னும் கூடுதல். திரையையும் புனலையும் ஒட்டிய பசைக் கண்ணாடியில் பெரும்பகுதி ஈயமே. சின்னப் பெட்டியான எங்கள் டிவிக்குள்ளும் இப்படிச் சில நூறு கிராம் ஈயம் இருந்தது. ஏழெட்டு வருடம் பெரியம்மா அந்தப் பெட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தபோது, அவரைக் காத்தது திரையின் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும், பின்னால் இருந்த ஈயமும்தான்.

பிறகு பெட்டிக்கு வயதானது. படம் மங்கியது. போட்டவுடன் வராமல், சூடேறிய பிறகு வந்தது. மெக்கானிக் வந்து பார்த்து, "டியூப் வீக் ஆயிடுச்சும்மா, இதுக்கு இனிமே பார்ட்ஸ் வராது" என்றார். அரசு கேபிளும் டிஜிட்டலுக்கு மாறிய காலம் அது. செட்டாப் பாக்ஸ் வந்தது, அதன் பின்னாலேயே தவணையில் ஒரு எல்இடி டிவியும் வந்தது. பழைய பெட்டியைத் துணி போட்டு மூடிப் பரணில் ஏற்றினார்கள். பெரியப்பா தோளில் சுமந்து வந்தது என்பதால் பெரியம்மாவுக்கு அதைத் தூக்கிப் போட மனமில்லை. பெரியப்பா போன பிறகு அந்த மனம் இன்னும் இறுகியது. தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ பரண்களில், கட்டிலுக்கடியில், மாட்டுக்கொட்டகை மூலையில் இந்தப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.

இறங்கியவை எங்கே போகின்றன என்பதுதான் கேள்வி. காயலான் கடைக்காரர் சொன்ன அந்த ஒரு தட்டைப் பார்ப்போம். டியூபுக்குள் காற்று கிடையாது, வெற்றிடம். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது. 14 அங்குலத் திரையின் மேல் மட்டும் 500 கிலோவுக்கும் மேல். தடித்த கண்ணாடி என்பதால் தாங்குகிறது. பலமான அடி தப்பான இடத்தில் விழுந்தால் டியூப் உள்வாங்கி வெடித்து, சில்லுகள் கண்ணுக்கும் கைக்கும் பறக்கும். கழுத்து மட்டும் முறிந்தால் காற்று சீறி உள்ளே போகும். அந்த வேகத்தில் திரையின் உட்பக்கத்துப் பொடி கிளம்பும். அதைத் தட்டியவரே சுவாசிப்பார்.

செம்பை எடுத்த பிறகு மிஞ்சும் ஈயக் கண்ணாடி ஏரிக்கரைக்கோ காலி மனைக்கோ போகும். மாநகராட்சிக் குப்பையோடு சேர்ந்தால், அமுக்கும் லாரியில் தூளாகி, மக்கும் சோற்றோடும் காய்கறியோடும் கலக்கும். குப்பை அழுகும்போது சுரக்கும் புளித்த நீர், தூளான கண்ணாடியிலிருந்து ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் கலந்த பெட்ரோலை இந்த நாடு 2000ஆம் ஆண்டோடு நிறுத்தியது அதனால்தான். வியாசர்பாடியிலிருந்து கொடுங்கையூர் குப்பைமேடு தூரமில்லை. அதைச் சுற்றிலும் வீடுகள், வீடுகளில் பிள்ளைகள்.

பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் விசாரித்தேன். "எங்க வண்டில இத ஏத்தக்கூடாது தம்பி. டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்கு முழுசா எடுத்துனு வாங்க, அங்க தனியா வாங்கிக்குவாங்க" என்றார். ஆட்டோவின் பின்சீட்டில் டிவியை என் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

தெருத்தெருவாகச் சேகரிக்கும் சின்ன வண்டிகளின் குப்பை, பெரிய லாரிக்கு மாறும் இடம்தான் மாற்று நிலையம். காலை பத்து மணிக்குள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொட்டும். எடைமேடையில் எண் ஏறும். லாரி நிறைந்ததும் கிளம்பிவிடும். இங்கே எதுவும் தங்குவதில்லை, தங்கினால் நாறும். அந்த அவசரத்துக்கு நடுவில், ஓரமாக ஒரு தகரக் கொட்டகை மட்டும் நிதானமாக இருந்தது. அங்கேதான் அவசரப்படக்கூடாத பொருட்களை வைக்கிறார்கள்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஆட்டோ நிற்கும்போதே வெளியே வந்தார். டிவியைப் பார்த்ததும், "கவுத்துப் புடிக்காதீங்க. வயித்துல கை குடுங்க, கழுத்துல வேணாம்" என்றார். மரப்பலகைத் தட்டின் மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டாக மடித்து விரித்தார். டிவியைத் திரை கீழே இருக்கும்படி மெதுவாக இறக்கச் சொன்னார். பரணிலிருந்து ஆட்டோவரை சாய்ந்துகொண்டே வந்த பெட்டி, கனமான முகத்தைப் பேனரில் பதித்ததும் அசையாமல் நின்றது. "கனம் இருக்கிற பக்கம் கீழ இருந்தா தானா நிக்கும். மேல எதுவும் அடுக்க மாட்டோம்" என்றார். ஒயரை வெட்டாமல் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டார். நோட்டை எடுத்துத் தேதி, பொருள், எடை என்று மூன்று கட்டத்தில் எழுதினார். என் பெரியப்பாவுக்குப் பிறகு அந்தப் பெட்டியை அவ்வளவு கவனமாகத் தொட்டவர் அவர்தான்.

கொட்டகையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை இருந்தது. ஃப்ரிட்ஜுகள் நின்றவாக்கில் இருந்தன. படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். கதவுகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. விளையாட்டாக உள்ளே ஒளியும் பிள்ளை மூடிக்கொண்டால் மூச்சு முட்டும். "பின்னாடி இருக்கிற செம்பு பைப்ப ஒடிச்சிட்டுத்தான் பாதி ஃப்ரிட்ஜ் வருது" என்று வருத்தப்பட்டார் அக்கா. அந்தக் குழாயை ஒடிக்கும்போது வரும் 'உஸ்' என்ற சத்தத்தோடு போவது குளிரூட்டும் வாயு. பழைய ஃப்ரிட்ஜுகளில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கும் சி.எஃப்.சி. 1987 மான்ட்ரியல் உடன்பாட்டைத் தொடர்ந்து இந்தியா அதன் உற்பத்தியை 2008இல் நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். புது ஃப்ரிட்ஜுகளில் வரும் ஆர்600ஏ தீப்பிடிக்கக் கூடியது. ஒரு முழம் செம்புக் குழாய்க்காக இதையெல்லாம் காற்றில் திறந்து விடுகிறோம்.

ட்யூப்லைட்டுகள் அட்டைப்பெட்டிக்குள் உடையாமல் நிறுத்தப்பட்டிருந்தன, உள்ளே பாதரசம் இருப்பதால். ஒரு வாளி நிறைய மணல் இருந்தது. அதற்குள் உப்பிப்போன செல்போன் பேட்டரிகள். உப்பிய லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை லாரிக்குள் அது நசுங்கினால் லாரியே எரியும். இன்வெர்ட்டர் பேட்டரிகள் பிளாஸ்டிக் தொட்டியில் தனியாக, அமிலம் கசிந்தால் தரையில் படாதபடி. இவை எதற்கும் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. கூரை, மரப்பலகை, மணல் வாளி, கயிறு, நோட்டு. கூடவே, எதை எப்படி இறக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர்.

இரண்டு வாரம் கழித்து, லாரி நிறையும் அளவுக்குச் சேர்ந்ததும் எடை போட்டு, ரசீதோடு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அனுமதி பெற்ற ஒரு பிரிப்பு ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் போனேன். முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்ட இளைஞர் ஒருவர் ஒவ்வொரு டிவியாகப் பின்மூடியைக் கழற்றினார். டியூபின் பக்கவாட்டில் உயர் மின்னழுத்தம் நுழையும் ரப்பர் மூடியை எடுத்து, அந்த இடத்தில் சின்னத் துளை போட்டு, காற்றை மெதுவாக உள்ளே விட்டார். வெற்றிடம் போனதும் டியூப் வெறும் கண்ணாடி. பிறகுதான் யோக் காயிலைக் கழற்றினார். காயலான் கடைக்காரர் தேடிய அதே செம்பு, ஒரு சில்லுகூடத் தெறிக்காமல் முழுதாகக் கைக்கு வந்தது.

அடுத்து, திரையும் புனலும் ஒட்டிய இடத்தைச் சுற்றி மெல்லிய கம்பியைக் கட்டி, மின்சாரத்தால் பழுக்கச் சூடாக்கினார். சட்டென்று குளிர்ந்த காற்றை அடித்ததும், வரைந்த கோடு போலக் கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது. திரையின் உட்புறத்தில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. இத்தனை வருடம் பெரியம்மா பார்த்த நிறமெல்லாம் அந்தப் பொடியில்தான் ஒளிர்ந்திருக்கிறது. உறிஞ்சு குழாயால் அதை முழுதாக இழுத்து மூடிய டப்பாவுக்கு அனுப்பினார்கள்.

பெட்டி இப்போது குவியல்களாகிவிட்டது. திரைக்குப் பின்னால் இருந்த இரும்புச் சல்லடையும் பட்டைகளும் பக்கத்திலேயே உள்ள உருக்காலைக்குப் போகும். கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலைகள் நிறைய. செம்பு மறுபடி செம்பாகும். சர்க்யூட் போர்டில் உள்ள செம்பையும் துளித் தங்கத்தையும் எடுக்க வேறு ஆலை. பிளாஸ்டிக் கேபினெட்டில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கும். அது பொம்மையாகவோ சமையலறைப் பாத்திரமாகவோ மறுபிறவி எடுக்கக்கூடாது என்பதால் அதையும் தனியே பிரிக்கிறார்கள்.

கடைசியில் மிஞ்சியது புனல் கண்ணாடி. மூடிய டிரம்மில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் இதற்கும் ஆள் இருந்தது. பழைய டியூபின் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். உலகமே தட்டைத் திரைக்கு மாறியதும் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிவரை எரிந்தவற்றில் ஒன்று நம் குஜராத்தில் இருந்தது, அதுவும் அணைந்துவிட்டது. இன்று இந்தக் கண்ணாடிக்கு இரண்டு வழிகள். ஈயம் உருக்கும் உலையில் சேர்க்கலாம், அங்கே ஈயம் பிரியும். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளது போன்ற அபாயகரக் கழிவுக் களத்தில், நீர் கசியாத விரிப்புகளுக்கு நடுவே புதைக்கலாம். இரண்டு வழியிலும் ஆலைக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம்.

இந்தக் கண்ணாடிக்குக் காசு இல்லை என்ற ஒரு விஷயம்தான் இந்தப் பயணம் முழுவதும் என்னோடு வந்தது. மின்னணுக் கழிவு விதிகள் இந்தியாவில் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் புதுப்பித்தார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள் 106 வகைப் பொருட்களை உள்ளடக்குகின்றன. பொருளைச் செய்தவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை, நல்ல அடிப்படை. மறுசுழற்சி ஆலை எவ்வளவு மீட்டதோ அதற்குச் சான்றிதழ் உருவாகும், தயாரிப்பாளர்கள் அதைப் பணம் கொடுத்து வாங்குவார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களுக்கு. ஈயக் கண்ணாடி அந்தக் கணக்கில் இல்லை. காயலான் கடைக்காரர் தெருவில் சொன்னதும் விதிப் புத்தகம் சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. செம்புக்குத்தான் காசு.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதமே என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. மீதி எங்கே போகிறது என்பதற்குப் பதில் அந்தத் தள்ளுவண்டியில் இருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் இல்லையென்றால் இந்த ஊரின் இரும்பும் செம்பும் காகிதமும் மீண்டும் பயனுக்கு வராது. எதற்குக் காசு உண்டோ அதை அவர் எடுக்கிறார். காசு இல்லாததைச் சுமக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? உடையாத டியூபுக்கு ஐம்பது ரூபாய் கிடைக்கும் என்றால், அவரே அதைப் பழைய துணியில் சுற்றி மாற்று நிலையத்தில் இறக்கிவிட்டுப் போவார். அந்த ஐம்பது ரூபாயை டிவி செய்தவர்களிடமிருந்து வாங்கலாம், அரசு வாங்கிக் கொடுத்த பெட்டி என்பதால் அரசும் கொடுக்கலாம். ஒன்றரைக் கோடிப் பெட்டிகளை வீடு வீடாகச் சேர்த்த நிர்வாகத்துக்கு, அவற்றை வீடு வீடாகத் திரும்ப வாங்குவது முடியாத காரியம் இல்லை. அதே பள்ளி மைதானம், அதே ரேஷன் கார்டு, அதே வரிசை போதும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றே. பெட்டியைத் திறக்காமல், ஒயரை வெட்டாமல், முழுதாகக் கொடுப்பது. மாற்று நிலையத்துக் கொட்டகைக்கு உடையாமல் வந்து சேர்ந்த டிவியில் எல்லாவற்றையும் பத்திரமாகப் பிரிக்க முடிகிறது. உடைந்து வந்தால் அந்த அக்காவோ ஆலையில் இருக்கும் இளைஞரோ எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

ஆலையிலிருந்து திரும்பிய அன்று பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். திரைக்குள் இருந்த வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொன்னபோது, "அவ்ளோதானா கலரு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் பரணுக்கு நேராகப் போட்டார். மேலே இன்னொரு அட்டைப்பெட்டி இருந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்த மிக்சி, மோட்டார் எரிந்து மூன்று வருடமாகிறது.

"மோட்டாருக்குச் செம்புக் காசு தருவான், எழுபது எண்பது வரும்" என்றார். சொல்லிக்கொண்டே மிக்சியின் ஒயரைச் சுற்றி, தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அதில் போட்டார்.

"அந்தப் பொண்ணு கிட்டயே குடுத்துடு. முழுசாக் குடு."